பேட்மேன் பேசும்போது நீங்கள் முதலில் சிரிக்காதீர்கள்

நீங்கள் கேட்டது இது: "1966-ல் ஆடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் டிவி தொடர் என்றால் எனக்கு உயிர். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. இருவரும் இன்றைய சூப்பர்ஹீரோ படங்களின் கிராஃபிக்ஸைப் பார்த்து வளர்கிறவர்கள். அட்டைச் செட்டும் ரப்பர் சுறாவும் வரும் இந்தத் தொடரைப் போட்டால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. காட்டலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

தாராளமாகக் காட்டுங்கள். மூன்று சீசனும் சேர்த்து 120 அத்தியாயங்கள். அதில் பெரும்பகுதியை முதலில் மகனோடும், இப்போது மகளோடும் பார்த்தவன் நான். ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தால் போதும். பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்னால் நீங்கள் சிரித்துவிடாதீர்கள். "இது ரொம்பப் பழசு, கொஞ்சம் கோமாளித்தனமா இருக்கும்" என்ற முன்னுரையும் வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. முதல் அத்தியாயத்தைப் போட்டேன். பேட்மேன் முகமூடி, கேப், மஞ்சள் பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு நடன விடுதிக்குள் நுழைகிறார். முன்வரிசை மேசை வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், பார் பக்கம் நின்றுகொள்கிறேன், யார் கண்ணிலும் பட விரும்பவில்லை என்கிறார். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்த வசனம் அது, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மகன் என் பக்கம் திரும்பி, "ஏன்ப்பா சிரிக்கிறீங்க? அவர் சரியாத்தானே சொன்னார்?" என்றான்.

அவன் கணக்கில் அது சரிதான். வேலையாக வந்தவர், ஓரமாக நிற்கிறார். அதற்கப்புறம் அவன் திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்க ஆரம்பித்தான். எங்கே சிரிக்க வேண்டும், எது பொய், எதை நம்பக்கூடாது என்று என்னிடம் தேடினான். கால் மணி நேரத்தில் "போதும்ப்பா" என்று எழுந்து போய்விட்டான். ஒரு வாரம் கழித்து, நான் எதுவுமே பேசுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்த முறை சோபாவிலிருந்து இறங்கித் தரையில், டிவிக்கு நாலடி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

தொடரைக் கட்டியிருக்கும் விதமே அப்படி. தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் கையில் பேட்மேன் வந்தபோது, அவருக்குத் தோன்றிய வழி எல்லாவற்றையும் மிகையான தீவிரத்தோடு செய்துவிடுவது. அசட்டுத்தனமான சூழ்நிலை, ஆனால் நடிப்பவர்கள் உயிர்போகிற விஷயம் போலப் பேச வேண்டும். பெரியவர்களுக்கு அது நகைச்சுவை, குழந்தைகளுக்கு அதே காட்சி சாகசம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் பதற்றத்தோடு கதை சொல்லும் குரலும் டோசியருடையதுதான். ஆங்கிலத்தில் 'கேம்ப்' என்று ஒரு சொல் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு ஒற்றைச் சொல் இல்லாவிட்டாலும் விஷயம் நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து துரியோதனன் பெருமை பேசிக்கொண்டே கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன வெளியே வருவான். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மிரள்வார்கள். பின்னால் இருக்கும் பெரியவர்கள் அந்த மிகையைத்தான் ரசிப்பார்கள். இந்தத் தொடருக்கும் அந்த மாதிரி இரண்டு பார்வையாளர்கள் உண்டு.

இதில் ஆடம் வெஸ்ட் செய்திருப்பது பெரிய காரியம் என்று நினைக்கிறேன். மூன்று சீசன் முழுக்க அவர் ஒருமுறைகூடப் பார்வையாளரைப் பார்த்து "இது விளையாட்டுதான், எனக்கும் தெரியும்" என்று கண்ணடிக்க மாட்டார். அர்த்தமில்லாத துப்பு ஒன்றை வைத்துக்கொண்டு நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ராபினாக வரும் பர்ட் வார்ட் கையை முஷ்டியால் குத்திக்கொண்டு அதை அப்படியே நம்புவார். நடிப்பவர்களே சிரிக்காதபோது, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்து நாம் அதைக் கெடுக்கக்கூடாது.

இந்தப் பேட்மேன் விதிகளை மதிக்கிறவர் என்பதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இன்றைய படங்களின் இருண்ட, கோபக்கார பேட்மேனுக்கும் இவருக்கும் ரொம்ப தூரம். அதே முதல் அத்தியாயத்தில் ராபினுக்கு விடுதிக்குள் போக வயது போதாது என்பதால் காரிலேயே காத்திருக்கிறான். பேட்மேன் உள்ளே போய்க் கேட்பது ஆரஞ்சு ஜூஸ். அதில் மயக்க மருந்து கலந்துவிடுகிறார்கள். தள்ளாடிக்கொண்டு காருக்கு வந்தவரை, இந்த நிலையில் நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்று போலீஸ்காரர் தடுக்கிறார். ராபினை வில்லன் கடத்திக்கொண்டு போயிருக்கும் நேரத்திலும் பேட்மேன் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது. என் மகள் கேட்டது வேறு: "அப்ப ராபின யார் காப்பாத்துவா?"

சீட் பெல்ட்டும் அப்படித்தான். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பேட்மொபைலில் ஏறியதும் பெல்ட் போடச் சொல்லி ராபினுக்கு நினைவுபடுத்துவார். அமெரிக்காவில் புதுக் கார்களில் சீட் பெல்ட் இருந்தே ஆக வேண்டும் என்ற மத்திய விதி 1968 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே டிவியில் இவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பெல்ட் போட மறந்தால் பின்சீட்டிலிருந்து "ராபின்!" என்று ஒரு அதட்டல் வரும். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதே 1966-ல், முதல் சீசன் முடிந்த கோடையில் வந்த திரைப்படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. இந்த உலகம் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். துறைமுகத்தில் ஒரு மதுக்கடையில் குண்டு. கறுப்பாக, உருண்டையாக, திரி எரிந்துகொண்டிருக்கும் கார்ட்டூன் குண்டு. பேட்மேன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வருகிறார். வீசலாம் என்று ஒரு பக்கம் போனால் கன்னியாஸ்திரீகள் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய். அங்கிருந்து திரும்பினால் பேண்டு வாத்தியக்காரர்கள். தண்ணீரில் போடலாம் என்று எட்டிப் பார்த்தால் படகில் ஒரு ஜோடி. இன்னொரு இடத்தில் பார்த்தால் வாத்துக்குஞ்சுகள். திரி குறைந்துகொண்டே வருகிறது, அவர் அல்லாடுகிறார். சில நாட்களில் ஒரு குண்டைக்கூட ஒழித்துக்கட்ட முடிவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

நானும் அதை வருடக்கணக்கில் வெறும் நகைச்சுவையாகத்தான் பார்த்துவந்தேன். மகனோடு பார்த்தபோதுதான் வாத்துக்குஞ்சு வந்த இடத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தேன். அவனைப் பொறுத்தவரை அங்கே ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, சரி, அப்படியானால் குண்டை எங்கேதான் போடுவது? காட்சி முடிந்ததும், அந்தக் கடையில் இருந்த குடிகாரர்களுக்காகவா உயிரைப் பணயம் வைத்தீர்கள் என்ற பொருளில் ராபின் கேட்கிறான். குடிக்கிறவர்களாக இருந்தாலும் அவர்களும் மனிதர்கள்தானே என்கிறார் பேட்மேன். நூறு கட்டிடங்கள் நொறுங்கும் புதுப் படங்களில் உள்ளே இருப்பவர்களைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வசனத்தை மொழிபெயர்த்துச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் விட்டுவிடக்கூடாத வரி அது.

அட்டைச் செட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். அதுதான் இந்தத் தொடரின் பெரிய பலம். இன்றைய படங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பிள்ளை கேட்டால் "கம்ப்யூட்டரில்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே எல்லாமே கையால் செய்தது, வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம்.

சுவர் ஏறும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்மேனும் ராபினும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்குத்தான கட்டிடத்தில் ஏறுவார்கள், நடுவில் ஒரு ஜன்னல் திறந்து யாராவது பிரபலம் தலையை நீட்டிப் பேசுவார். முதலில் வந்தவர் ஜெரி லூயிஸ். இன்னொரு முறை வேறொரு டிவி தொடரின் நாயகர்களான கிரீன் ஹார்னெட்டும் கேட்டோவும் எட்டிப் பார்ப்பார்கள், அந்தக் கேட்டோ புரூஸ் லீ. உண்மையில் அந்தச் சுவர் தரையில் கிடத்தப்பட்ட செட். இருவரும் அதன்மேல் குனிந்து நடந்துவருவார்கள். கேமராவைத் தொண்ணூறு டிகிரி சாய்த்து வைத்துப் படம் பிடித்தார்கள். கேப் முதுகுப் பக்கம் தொங்க வேண்டும் என்பதற்காக அதை மெல்லிய நூலால் இழுத்துப் பிடித்தார்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் என் மகனும் மகளும் இதைச் செய்தார்கள். கூடத்தில் பழுப்பு நிறப் போர்வையை விரித்து, சாக்பீஸால் செங்கல் கோடு போட்டார்கள். மகள் ஒரு துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பரணில் கிடந்த கொடிக்கயிற்றின் ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறு முனையை அவள் கையில் கொடுத்தார்கள். மகன் ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பி நாற்காலிமேல் நின்றுகொண்டான். முதல் முறை சரியாக வரவில்லை. துண்டு தரைப் பக்கமாகச் சரிந்து, சுவரில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. என் மனைவி தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்து, துண்டின் ஓரத்தில் முடிந்து, கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்று இழுத்துப் பிடித்தாள். இரண்டாவது முறை வந்துவிட்டது. தன் வீட்டுக் கூடத்தில் தானே பத்து மாடி ஏறுவதைப் பார்த்த மகளின் முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது! அன்று மாலைக்குள் அந்த வீடியோவை முப்பது தடவையாவது போட்டிருப்பாள். செய்முறை தெரிந்துவிட்டதே என்பதற்காக அடுத்த அத்தியாயத்தில் சுவர் ஏறும்போது அவளுடைய பதற்றம் குறையவும் இல்லை.

அடுத்தது, சண்டையில் திரை முழுக்க வெடித்து வரும் ஒலி எழுத்துக்கள். பவ்! ஜாப்! தொடருக்கே அடையாளம் அதுதான். முதல் சீசனில் சண்டைக் காட்சியின் மேலேயே அந்த எழுத்துக்கள் பதிந்து வரும். பிற்பாடு செலவைக் குறைக்க வண்ண அட்டைகளாகத் தனியே காட்ட ஆரம்பித்தார்கள். சண்டையில் வன்முறை இருக்குமே என்று உங்களுக்குக் கவலை இருந்தால் அதற்குப் பதில் இந்த எழுத்துக்கள்தான். அடி விழும் நொடியில் கண் எழுத்துக்குப் போய்விடும். ரத்தம் கிடையாது.

என் மகள் ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்த சமயம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி படிக்க மூக்கால் அழுகிறவள், இந்த எழுத்துக்களை மட்டும் மறைவதற்குள் படித்துவிட வேண்டும் என்று எம்பி எம்பிக் கத்துவாள். ஒருநாள் "தமிழ்ல பவ்வுக்கு என்னப்பா?" என்று கேட்டாள். அன்று ஆரம்பித்ததுதான். சார்ட் பேப்பரை வெட்டி, நட்சத்திர வடிவத்தில் கோடு போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் எழுதினோம். பளார். கன்னத்தில் அறைந்தால் மட்டும்தான் அது. முதுகில் விழுந்தால் மொத். பாத்திரத்தில் தலை இடித்தால் நங். ஆள் தரையில் விழுந்தால் தொப், கனமான வில்லன் விழுந்தால் தொம். கதவு உடைந்தால் படார், தண்ணீரில் விழுந்தால் தொபுக்கடீர். அடிக்கும் இடத்தையும் பொருளையும் பார்த்துச் சத்தம் மாறும் இந்த வசதி தமிழில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் உறைத்தது. அட்டைகளைச் சோபாமேல் பரப்பி வைத்துக்கொண்டு, சண்டை வந்ததும் சரியான அட்டையை யார் முதலில் தூக்குவது என்று போட்டி. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் "சடசடன்னு ஒண்ணு எழுதுடா கண்ணு, மேலேர்ந்து பெட்டியெல்லாம் சரியுது பாரு" என்று சேர்ந்துகொண்டார். அதிர்ச்சி வரும்போதெல்லாம் ராபின் "ஹோலி" என்று தொடங்கிக் கையில் கிடைத்த பொருளின் பெயரைச் சொல்லிக் கத்துவான் அல்லவா? அது எங்கள் வீட்டில் "அடப் பஞ்சாமிர்தமே!" ஆகிவிட்டது.

வில்லன்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது, ஆனாலும் சிலதைச் சொல்லியாக வேண்டும். ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ தன் மீசையை எடுக்க மறுத்துவிட்டார். மேலே வெள்ளை மேக்கப் பூசிவிட்டார்கள். கிட்டத்தில் வரும் காட்சிகளில் மீசை நன்றாகவே தெரியும். இதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். என் மகன் மூன்றாவது ஜோக்கர் கதையில் கண்டுபிடித்துக் கூவியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ரிட்லராக வரும் ஃபிராங்க் கோர்ஷினின் சிரிப்பு மேலேறி உடைந்து திடீரென்று நின்றுபோகும். அது நிஜமாகவே கொஞ்சம் பயமுறுத்தும், சின்னவள் இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். பென்குயினாக வரும் பர்ஜஸ் மெரடித்தின் "க்வாக் க்வாக்" பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புகைப்பழக்கத்தை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்த அவருக்குப் பென்குயினின் நீண்ட சிகரெட் குழல் தொண்டையை அரித்ததாம். இருமலை மறைக்க அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தார். இன்னொன்று, வில்லன்களின் இடம் வரும்போதெல்லாம் கேமரா கோணலாகச் சாய்ந்திருக்கும். கோணல் புத்திக்காரர்களின் இடம் என்று அர்த்தம். இதையும் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்ட பிறகு எந்தப் படம் பார்த்தாலும் கேமரா எங்கே நிற்கிறது என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். முதல் இரண்டு சீசனிலும் ஒரு கதை இரண்டு பாகமாக வரும், இரண்டாவது சீசனில் சில கதைகளுக்கு மூன்று. அமெரிக்காவில் புதன்கிழமை ஒரு பாகம், வியாழக்கிழமை மறு பாகம். புதன் பாகம் முடியும்போது நாயகர்கள் கொதிக்கிற எதிலாவது தொங்கிக்கொண்டிருப்பார்கள், நாளைக்கு இதே நேரம், இதே சேனல் என்று டோசியரின் குரல் சொல்லும். இரண்டு பாகத்தையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும் சரி. இரவு முழுக்க, மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம், அவர்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும். என் மகன் சொன்ன வழிகளில் பாதி, தொடரில் வந்ததைவிட நன்றாக இருந்தன.

இந்தக் காத்திருப்பு அப்போது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1966 மார்ச் 16, புதன்கிழமை இரவு. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் போன ஜெமினி 8 விண்கலம் விண்வெளியில் கட்டுப்பாடு இழந்து சுழல ஆரம்பித்தது. ஏபிசி சேனல் பேட்மேனை நிறுத்திவிட்டுச் செய்தி சொன்னது. விண்வெளி வீரர்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பேட்மேனை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு அந்தச் சேனலுக்கு ஏகப்பட்ட புகார்கள் போயின. அன்று ஓடிக்கொண்டிருந்தது கேட்வுமன் என்ற வில்லி முதன்முதலாக வந்த கதை.

முதல் சீசனிலிருந்து வரிசையாகவே போங்கள். அதுதான் மூன்றிலும் சிறந்தது, எழுத்தாளர் லோரென்ஸோ செம்பிள் ஜூனியர் போட்ட அடித்தளம் உறுதியாக இருக்கும். ஐந்தாறு கதை முடிந்ததும் திரைப்படத்தைப் போடுங்கள். ஜோக்கர், பென்குயின், ரிட்லர், கேட்வுமன் நால்வரும் சேரும் படம், நீங்கள் சொன்ன ரப்பர் சுறாவும் அதற்கு அடிக்கும் ஸ்பிரேயும் அதில்தான். இரண்டாவது சீசனில் அலுப்புத் தட்டும் கதைகள் நிறைய உண்டு, பொறுக்கிப் பாருங்கள். மூன்றாவது சீசனில் செலவைக் குறைத்தது செட்டிலேயே தெரியும். கறுப்புத் திரைக்கு முன்னால் நாலு பொருளை வைத்து ஒரு இடம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனாலும் உங்கள் மகளுக்காக மூன்றாவது சீசனைத் தவறவிடாதீர்கள். அதில்தான் பேட்கேர்ல் வருகிறாள். நடித்த இவோன் கிரெய்க் முறையாக பாலே பயின்றவர், மான்டி கார்லோ பாலே குழுவில் ஆடியவர். சண்டையில் அவள் குத்த மாட்டாள், உதைதான், அதிலும் ஒவ்வொரு உதையும் நடனம்போல இருக்கும். பகலில் நூலகர், ரகசிய அறையும் ஊதா நிற மோட்டார் சைக்கிளும் உண்டு. அவள் யார் என்பது பேட்மேனுக்கே தெரியாது. இது தெரிந்த அன்று என் மகள் அரைமணி நேரம் பெருமிதத்தோடு வீட்டைச் சுற்றி வந்தாள். அதே சீசனில் கேட்வுமனாக ஜூலி நியூமாருக்குப் பதில் எர்தா கிட் வருவார். 1967-ல் அமெரிக்க டிவியில் ஒரு கறுப்பினப் பெண் இப்படிப்பட்ட வேடத்தில் ராணிபோல நின்று பேசியது சின்ன விஷயமல்ல.

எல்லாமே இன்றைக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். எக்ஹெட் என்ற வில்லன் வரும் கதையில் அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரைக் கேலிச்சித்திரமாகக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தவிர்த்துவிட்டேன். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களானால் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம். வில்லன்களோடு வரும் பெண்கள் பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். அதை என் மகன் எட்டு வயதில் தானாகவே கேட்டான்: "இவங்களுக்கு ஏன்ப்பா வேலையே இல்ல?"

நல்ல பிரதியைத் தேடிப் பாருங்கள். உரிமை யாருடையது என்ற சிக்கலில் இந்தத் தொடர் பல பத்தாண்டுகள் வீட்டு வீடியோவாக வரவே இல்லை, 2014 நவம்பரில்தான் முழுத் தொகுப்பும் வெளியானது. நான் சின்ன வயதில் பார்த்தது, வெளிநாட்டிலிருந்த மாமா டிவியிலிருந்து பதிவுசெய்து அனுப்பிய கேசட்டில். பேட்மொபைலின் ஓரங்களில் ஓடும் சிவப்புக் கோடு, ராபினின் பச்சை, ரிட்லரின் பச்சை எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். புதுப் பிரதியில் அந்த வண்ணங்களைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் காரும் முதலில் பேட்மேனுக்காகச் செய்ததல்ல. 1955-ல் இத்தாலியில் கட்டிய லிங்கன் ஃப்யூச்சுரா என்ற காட்சிக் கார் அது. சும்மா கிடந்ததை ஜார்ஜ் பாரிஸ் சில வாரங்களில் மாற்றிக் கொடுத்தார். 2013-ல் 42 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

உங்களுக்குச் சின்ன வயதில் பிடித்தது சக்திமானாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். இந்தி ஒரு வார்த்தை புரியாமலேயே தூர்தர்ஷனில் முகேஷ் கன்னா சுழல்வதைப் பார்த்துவிட்டுத் தெருவில் தலைசுற்றும்வரை சுழன்ற தலைமுறை நம்முடையது. அந்தச் சுழற்சியை நாம் அன்று நம்பியதால்தான் இன்று அதன்மேல் இவ்வளவு பாசம்.

பிள்ளைகள் எப்போதுமே இதை நிஜமாக எடுத்துக்கொள்வார்களா என்றால், இல்லை. பத்து, பதினோரு வயதில் ஒருநாள் அவர்களுக்கும் அந்த இன்னொரு பக்கம் தெரிந்துவிடும். என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு. போன மாதம் தங்கைக்கு முதல் அத்தியாயத்தை மறுபடி போட்டபோது அவனும் வந்து உட்கார்ந்தான். பேட்மேன் விடுதிக்குள் நுழைந்து, யார் கண்ணிலும் பட விரும்பவில்லை என்றார். மகன் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணெல்லாம் சிரிப்பு, உதடு துடிக்கிறது, தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டான். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த தங்கை எதையும் கவனிக்கவில்லை, அவள் பேட்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து முடித்தான். யாரும் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கடைசியாக, உங்கள் நாலு வயது மகளைப் பற்றி. அவளும் பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான், மடியில் உட்கார்த்திக்கொண்டு. தப்பிக்கும் பாகத்தை மறுநாளைக்குத் தள்ளும்போது, "அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்று அவளுக்கு மட்டும் காதில் சொல்லிவிடுங்கள். கேட்வுமன் முதலில் வரும் கதையில் ஒரு கதவைத் திறந்தால் நிஜப் புலி நிற்கும். அதை மட்டும் ஒரு வருடம் தள்ளி வையுங்கள்.